அல்பாக்கா: எடைக்கு விலையா, இழைக்கு விலையா?

(கைத்தறி, பின்னல் கலை பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதல் வரிசையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்திருக்கிறேன். தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் கைமாற்றிக்கொண்டே போங்கள். கழுத்திலும் கன்னத்திலும் வைத்துப் பார்க்கலாம். முரட்டுக் கம்பளிபோல அரிக்காது. அதன் பழுப்பு நிறம் சாயத்தொட்டியில் ஏறியதல்ல, பிராணியின் மேலேயே இருந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், பெரு நாட்டில் வளர்கிற அல்பாக்காவின் நூல் அது.

'இது ஏன் இவ்வளவு மென்மை?' என்று கேட்டால், அந்தப் பிராணியின் ரோமம் அப்படி என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அதே மலையில், அதே மந்தையில், குத்துகிற ரோமமும் இருக்கிறது. எது மென்மையாகும், எது முரடாகும் என்பதை மேய்க்கிறவர், கத்தரிக்கிறவர், தரம் பிரிக்கிறவர், நூற்கிறவர் என்று ஒவ்வொருவர் கையும் முடிவு செய்கிறது. அந்தக் கைகளுக்கு எதை அளந்து காசு கொடுக்கிறோமோ அதுதான் கடைசியில் மந்தையில் மிஞ்சும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதற்கான சாட்சியங்களை மேய்ச்சல் நிலத்திலிருந்து தொடங்கி வரிசையாக வைக்கிறேன்.

பிராணி

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. திமில் கிடையாது. தோளுயரம் மூன்றடிக்குப் பக்கம், எடை 55 முதல் 80 கிலோ. தென்னமெரிக்காவில் இந்தக் குடும்பத்தார் நால்வர்: பழக்கப்படாமல் திரிகிற குவானாக்கோ, விக்குன்யா, வீட்டோடு வளர்கிற லாமா, அல்பாக்கா. லாமா பாரம் சுமக்கும். அல்பாக்காவை ரோமத்துக்காகவே மனிதர் வளர்த்தெடுத்தார்கள். மத்திய பெருவில் தெலார்மாச்சாய் என்ற பாறை ஒதுக்கில் கிடைத்த எலும்புகளையும் பற்களையும் வைத்து, ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்பே இது வீட்டுப் பிராணியாகிவிட்டது என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். 2001இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இதன் முன்னோர் விக்குன்யாதான் என்று காட்டியது.

இந்த வம்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விக்குன்யாவின் ரோமம் 12, 13 மைக்ரான் தடிமன்தான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். அவ்வளவு மெல்லிய இழையுள்ள காட்டுப் பிராணியைப் பழக்கி, அதைவிட நீளமாக, அதைவிட நிறைய ரோமம் கொடுக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மேய்ப்பர்களின் வேலைதான் அல்பாக்கா.

இன்று உலகத்து அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெருவில் இருக்கிறது. அந்நாட்டின் 2012 வேளாண் கணக்கெடுப்பில் 36 லட்சத்துக்கு மேல் எண்ணப்பட்டன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு, டிட்டிகாக்கா ஏரியை ஒட்டிய புனோ மாநிலத்தில். உடம்பெல்லாம் பஞ்சுபோல உப்பியிருக்கும் உவாக்காயா, சடைசடையாகத் தொங்குகிற பளபளப்பு ரோமமுள்ள சூரி என்று இரண்டு இனங்கள். சூரி எண்ணிக்கையில் குறைவு.

பட்டியில் ஒரு நாள்

அல்பாக்கா மேய்கிற உயரம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டரும் அதற்கு மேலும். நம் தொட்டபெட்டாவின் மேல் ஏற்காட்டைத் தூக்கி வைத்தால் அந்த உயரம் வரும். அந்த மேட்டுநிலத்துக்குப் புனா என்று பெயர். மரம் கிடையாது. சோளம் விளையாது, உருளைக்கிழங்குகூட ஓர் உயரத்துக்கு மேல் வராது. இச்சு என்கிற முரட்டுப் புல்லும் சதுப்பும்தான். பகலில் வெயில் தோலை உரிக்கும், இரவில் தண்ணீர் உறையும். பயிர்செய்ய முடியாத இந்த நிலத்தில் கெச்சுவா, அய்மாரா பேசுகிற குடும்பங்கள் மந்தையை வைத்தே பிழைக்கின்றன.

விடிந்ததும் பட்டியைத் திறந்துவிடுவதில்லை. புல்லின் மேல் உறைபனி இருக்கும். அதைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்பது மேய்ப்பர் அனுபவம். வெயில் ஏறிப் பனி உருகட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் வீட்டில் அடுப்பு எரியும். விறகு ஏது? அல்பாக்காச் சாணம்தான். இந்தப் பிராணிக்கு ஒரு நல்ல பழக்கம்: மந்தை முழுக்க ஒரே இடத்தில்தான் சாணம் போடும். தேடி அலைய வேண்டாம், ஓரிடத்தில் அள்ளிக் காயவைத்தால் போதும். எரித்தது போக மீதி கீழே கிழங்கு வயலுக்கு எரு.

பனி உருகியதும் கல்சுவர்ப் பட்டியின் வாசலைத் திறப்பார்கள். மந்தையோடு போவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இடுப்பில் கம்பளி இழையில் பின்னிய கவண் இருக்கும். வழிமாறுகிற பிராணிக்கு முன்னால் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது திரும்பிவிடும். நரிக்கும் மலைச்சிங்கத்துக்கும் அதே கவண்தான். கையில் தக்ளி சுற்றிக்கொண்டே இருக்கும். நடந்தபடி நூற்கிறார்கள், பேசியபடி நூற்கிறார்கள், உட்கார்ந்தால் அப்போதும் நூற்கிறார்கள்.

மந்தை போய்ச் சேரும் இடம் போஃபெதால் எனப்படும் உயர்மலைச் சதுப்பு. அல்பாக்காவுக்கு இச்சுப் புல்லைவிட இதுதான் பிடிக்கும். மெத்தைபோல அடர்ந்த பசுஞ்செடிகள் வறண்ட மாதங்களிலும் ஈரமாக இருக்கும். இதில் இயற்கை செய்தது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பனிமலை உருகி வரும் ஓடையிலிருந்து மண்வெட்டியால் சிறு வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீரைப் பரப்பி, தலைமுறை தலைமுறையாகச் சதுப்பை அகலப்படுத்தியிருக்கிறார்கள். வாய்க்காலில் மண் சேர்ந்தால் தூர்வார வேண்டும். அடுத்த குடும்பத்துக்கு எந்த நாளில் தண்ணீர் என்பதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நீர்ப்பாசனம் என்றதும் நமக்கு வயல்தான் நினைவுக்கு வரும். அங்கே புல்லுக்குத்தான் பாசனம்.

அந்த நிலத்துக்கு அல்பாக்கா தோதான பிராணி. குளம்பு இல்லை, பாதத்தில் மெத்தென்ற சதைத் திண்டு. சதுப்பை உழுதுவிடாது. மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால், புல்லைக் கீழ்ப்பற்களால் மேலண்ணத் திண்டோடு அழுத்திக் கத்தரித்தாற்போலக் கடிக்கும், வேரோடு பிடுங்காது. ஸ்பானியர் கொண்டுவந்த ஆடுகளோ ஒட்டக் கடித்துத் தரையைத் தரிசாக்கிவிடும்.

மந்தையை அவர்கள் தங்கள் சொத்தாக மட்டும் நினைப்பதில்லை. குஸ்கோ நகரைச் சேர்ந்த மானிடவியலாளர் ஹோர்ஹே ஃப்ளோரெஸ் ஒச்சோவா, பராத்தியா என்ற ஊர் மேய்ப்பர்களோடு பழகி 1968இல் ஒரு நூல் எழுதினார். அல்பாக்காக்கள் ஊற்றுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் வெளிவந்தவை, மலைத்தெய்வம் மனிதருக்கு இரவல் கொடுத்தவை, கொடுமைப்படுத்தினால் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்கிற நம்பிக்கையை அவர் போன்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மழைக்காலத்துத் திருவிழாவில் அல்பாக்காக்களின் காதில் வண்ணக் கம்பளிக் குஞ்சம் கட்டுவார்கள். குடும்பத்தில் பரம்பரையாக வரும் சிறு கல் அல்பாக்கா உருவங்களை வெளியே எடுத்து வழிபடுவார்கள்; மந்தையின் உயிர்ச்சத்து அந்தக் கல்லில் இருப்பதாக எண்ணம்.

ஈற்றுக்காலம்

சினைக்காலம் 11 மாதத்துக்கு மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. இரட்டை மிக அபூர்வம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலத்தில்தான் ஈற்று, புல் செழித்திருக்கும் நேரம். இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு: அல்பாக்கா பெரும்பாலும் காலையில் தொடங்கி உச்சிவெயில் சாய்வதற்குள் ஈன்றுவிடும். காரணம் தெளிவு. மற்றப் பிராணிகளைப்போலத் தாய் குட்டியை நக்கித் துவட்டாது. அதன் நாக்கு அவ்வளவு வெளியே நீளாது. வெயிலும் காற்றும்தான் துவட்ட வேண்டும். அந்தி சாயும்போது ஈரமாக இருக்கிற குட்டி அன்றிரவைத் தாண்டாது. தாய் செய்வதெல்லாம் மூக்கால் முகர்ந்து முனகிக்கொண்டே இருப்பதுதான். அந்த முனகலில் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் பழகிக்கொள்கின்றன.

ஏழெட்டுக் கிலோவோடு பிறக்கும் குட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து முதல் பாலைக் குடித்துவிட வேண்டும். தடுமாறினால் மேய்ப்பவள் தூக்கி நிறுத்தி மடியில் வாயை வைப்பாள். தொப்புள்கொடிக்கு மருந்து தடவுவாள். அதன் பிறகும் நிம்மதி கிடையாது. மழையில் சேறான பட்டியில் குட்டிகளுக்குக் கழிச்சல் வரும். குடலில் நஞ்சு பரப்பும் கிருமி ஒன்று, நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்த குட்டியை ஒரே நாளில் சாய்த்துவிடும். பட்டியை இடம் மாற்றிப் போடுவதுதான் பழைய வைத்தியம், இன்றும் நல்ல வைத்தியம். பிறகு குளிர். ஜூன், ஜூலையில் கடும் உறைபனி விழும் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் மடிவதுண்டு. கூரைக் கொட்டகை போட்டுத் தருவதும், பனிக்கு முன்பே காய்ந்த புல் சேர்த்து வைப்பதும் அதனால்தான்.

இத்தனை கண்விழிப்புக்கும் கூலி ரோமம் விற்கும்போதுதான் கைக்கு வர வேண்டும். வருகிறதா என்று பார்ப்போம்.

கத்தரியும் தராசும்

மழை வலுப்பதற்கு முன், பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், ரோமம் கத்தரிப்பார்கள். தரையைப் பெருக்கித் தார்ப்பாய் விரித்து, பிராணியின் முன்கால்களையும் பின்கால்களையும் கட்டிப் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடிவயிற்றோரம் தொடங்கி முதுகை நோக்கி வெட்டிக்கொண்டு போவார். ரோமம் முழுப் போர்வையாகக் கழன்று வர வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரி வைத்தால் துண்டு இழை விழும். அது நூலில் முடிச்சுமுடிச்சாக நிற்கும். முதுகு, விலா, கழுத்துப் பகுதியின் ரோமம் மெல்லியது. கால், வயிறு, மார்புப் பகுதி முரடு. இரண்டையும் அங்கேயே தனித்தனியாகச் சுருட்டினால் நல்ல நூலுக்கு முதல் படி தாண்டியாயிற்று. ஒரு பிராணி ஆண்டுக்கு இரண்டு கிலோவைச் சுற்றிக் கொடுக்கும்.

அடுத்த படி அரெக்கிப்பா நகரம். அல்பாக்கா ஆலைகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஆலைக்குள் இயந்திரங்கள் நிறைய உண்டு. ஆனால் தரம் பிரிக்கும் கூடத்தில் பெண்கள்தான். ஒரு போர்வையை விரித்து, கையளவு கையளவாகப் பிய்த்து, விரலிடுக்கில் தேய்த்து, இது இந்தக் குவியலுக்கு, அது அந்தக் குவியலுக்கு என்று போட்டுக்கொண்டே போவார்கள். ஒரே போர்வையில் மூன்று நான்கு தரம் இருக்கும். பெருவின் தர அளவுப்படி 23 மைக்ரானுக்குள் இருந்தால் பேபி. குட்டியின் ரோமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அளவுதான் கணக்கு. 26.5 வரை ஃப்ளீஸ், 29 வரை மீடியம் ஃப்ளீஸ், 31.5 வரை உவாரிசோ, அதற்கு மேல் முரடு. மூன்று மைக்ரான் வித்தியாசத்தை விரலால் சொல்கிறார்கள். பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் வராத வித்தை.

இனி தராசுக்கு வருவோம். நெடுங்காலமாக மலையில் நடந்துவந்த வியாபாரம் இது: தரகர் ஊருக்கு வருவார், ரோமத்தைத் தரம் பார்க்காமல் மொத்தமாக வாரிப் பவுண்டுக் கணக்கில் நிறுத்துக் காசு கொடுத்துவிட்டுப் போவார். மெல்லியது முரடு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே விலை. தரம் பிரிந்து விலை கூடுவது அரெக்கிப்பாவில். குளிரில் கண்விழித்தவர் கைக்கு அந்தக் கூடுதல் விலை வந்து சேராது.

இதனால் மந்தைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அல்பாக்காவின் இழை வயது ஏற ஏறத் தடிக்கும். நன்றாகத் தீனி போட்டாலும் தடிக்கும். தடித்த இழை எடை நிற்கும். எடைக்குத்தான் காசு என்றால் கிழட்டுப் பிராணியை ஏன் கழிக்க வேண்டும்? மெல்லிய இழையுள்ள கிடாவைத் தேடிப் பிடித்து இனம் சேர்க்க ஏன் மெனக்கெட வேண்டும்? லாமாவோடு சேர்ந்து கலப்புக் குட்டி பிறந்தாலும் உடம்பு பெரிது, எடை கூடுதல், நஷ்டமில்லை. அந்தக் கலப்பினத்தின் பெயர்தான் உவாரிசோ. தரப் பட்டியலிலேயே முரட்டுப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மேய்ப்பரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. சந்தை எதைக் கேட்டதோ அதை அவர் கொடுத்தார்.

எது தொலைந்தது?

முன்பு இதைவிட நன்றாக இருந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பெருவின் தென்கோடியில், மோக்கேகுவா பகுதியில், எல் யாரால் என்ற இடத்தில் ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் பலியிட்டு வீட்டுத்தரையின் கீழ் புதைத்த அல்பாக்காக்களும் லாமாக்களும் கிடைத்தன. பாலைவன வறட்சியில் தோலும் ரோமமும் அப்படியே காய்ந்து நின்றுவிட்டன. ஜேன் வீலர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அந்த ரோமத்தை அளந்து 1995இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒரு வகை அல்பாக்காவின் இழை 18 மைக்ரானைச் சுற்றி இருந்தது. அதைவிட முக்கியம், இழைக்கு இழை வித்தியாசம் மிகக் குறைவு. இன்றைய மந்தைகளில் அந்தச் சீர்மையைக் காண்பது கடினம்.

ஸ்பானியருக்கு முந்தைய காலத்துக் கூலி எதை அளந்தது? எல் யாராலுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் எழுந்த இன்கா அரசில் துணிதான் செல்வம். படைவீரனுக்குச் சன்மானம் துணி, தெய்வத்துக்குக் காணிக்கை துணி, தோற்ற மன்னனுக்கு மரியாதையும் துணி. ஜான் முர்ரா என்ற அறிஞர் 1962இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகச் சொல்கிறது. அரசு மந்தைகளின் கணக்கை முடிச்சுக்கயிறுகளில் வைத்தார்கள். கும்பி என்ற மெல்லிய துணியை நெய்வதற்கென்றே தேர்ந்த நெசவாளர்கள் இருந்தார்கள். துணியின் நுட்பத்துக்கு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு மந்தைவரை இறங்கி வந்தது.

1532இல் ஸ்பானியர் வந்தார்கள். போர், நோய், புதிய ஆட்டுமந்தைகள் எல்லாம் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்குள் அல்பாக்காவிலும் லாமாவிலும் பெரும்பகுதி அழிந்தது. மிஞ்சியவை யாரும் கேட்காத உச்சிமலைக்கு விரட்டப்பட்டன. மந்தையைத் தேர்ந்து வளர்த்த அரசும் இல்லை, கணக்கு வைத்த கயிறும் இல்லை.

மறுபடி உலகச் சந்தை இதைத் தேடி வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1836இல் டைட்டஸ் சால்ட் என்ற ஆங்கிலேய ஆலைக்காரர், லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் வாங்குவாரில்லாமல் கிடந்த அல்பாக்கா மூட்டைகளைப் பார்த்து வாங்கினார். பருத்திப் பாவில் அல்பாக்கா ஊடை போட்டுப் பளபளப்பான மெல்லிய துணி நெய்து பெரும் பணக்காரர் ஆனார். 1853இல் அவர் திறந்த ஆலையைச் சுற்றி எழுந்த தொழிலாளர் ஊருக்குச் சால்ட்டேர் என்றே பெயர். இன்று அது உலகப் பாரம்பரியத் தலம்.

ஆலை யுகம் இன்னொன்றையும் செய்தது. வெள்ளை ரோமத்தில் எந்தச் சாயமும் ஏறும்; அதனால் வெள்ளைக்கு விலை கூடுதல். வெள்ளை, தேன், வெளிர்பழுப்பு, காப்பி, சாம்பல், கருப்பு என்று வியாபாரத்தில் 22 இயற்கை நிறங்களை எண்ணுகிறார்கள். ஆனால் மந்தைக்குள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைதான். கருப்பையும் சாம்பலையும் இறைச்சிக்குக் கழித்துவிட்டார்கள். இங்கேயும் அதே நியாயம்தான்: காசு எந்த நிறத்துக்கோ, மந்தை அந்த நிறத்துக்கு.

தக்ளியும் தறியும்

சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே நின்ற ரோமத்தின் கதை வேறு. உங்களுக்கு நெருக்கமான கதை என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஆட்டுக் கம்பளியில் இருக்கிற எண்ணெய்ப்பிசுக்கு அல்பாக்காவில் மிகக் குறைவு. தூசியை உதறிக் கையால் விரித்துவிட்டால் நேரே நூற்கலாம். தக்ளி ஒரு குச்சியும் ஒரு மர வட்டும்தான், புஷ்கா என்பார்கள். இழுத்து, முறுக்கி, சுற்றி வைப்பார்கள். பிறகு இரண்டு இழையைச் சேர்த்து, பெரிய தக்ளியில் எதிர்த்திசையில் முறுக்குவார்கள்.

இதை இப்போதே செய்து பாருங்கள். துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். இரண்டு நுனியையும் பிடித்து வலப்பக்கமாகவே நன்றாக முறுக்குங்கள். விறைத்ததும் நடுவில் மடித்து நுனிகளைச் சேருங்கள். பார்த்தீர்களா, தானாகவே எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு இரட்டை நூலாகி நிற்கிறது. முதல் முறுக்கின் திமிறலை இரண்டாம் முறுக்கு அடக்குகிறது. ஆண்டிஸ் பெண்கள் அந்தத் திமிறல் இன்னும் அதிகம் இருக்கும்படி முறுக்குகிறார்கள். காரணம், அவர்கள் துணியில் பாவுதான் முழுக்க மேலே தெரியும். ஊடை உள்ளே மறைந்திருக்கும். நெருக்கமான பாவை மேலும் கீழும் பிரிக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று உராயும். முறுக்கு தளர்ந்த நூல் பிசிறி அறுந்துவிடும். இடப்பக்கம் முறுக்கிய நூலுக்குத் தீங்கைத் தடுக்கும் சக்தி உண்டென்று ஒரு நம்பிக்கை. அதைத் துணியின் கரையில் வலமுறுக்கு நூலோடு மாற்றி மாற்றிப் பாவோடுவார்கள். கரையில் மீன்முள் கோடு விழும்.

தறியின் ஒரு கம்பு மரத்திலோ முளையிலோ கட்டியிருக்கும். மறு கம்பு நெய்பவளின் இடுப்புப் பட்டையில். பாவின் விறைப்பு அவள் முதுகில் இருக்கிறது; சற்றுச் சாய்ந்தால் இறுகும், முன்னால் வந்தால் தளரும். லாமா எலும்பைக் கூர்தீட்டிய ருக்கி என்ற கருவியால் ஊடையைத் தட்டி இறுக்குவாள். நாம் நீளப் பாவோடிச் சேலை சேலையாக அறுத்தெடுக்கிறோம். அங்கே ஒரு துணிக்கு ஒரு பாவு. நான்கு பக்கமும் கரையோடு முடியும். கத்தரி படவே படாது. கடைசி நான்கு விரல் இடத்தில் கட்டை நுழையாது. ஊசியில் ஊடையைக் கோத்து ஒவ்வோர் இழையாகச் செலுத்த வேண்டும். அந்த நான்கு விரலுக்கு ஆகும் நேரத்தில் மேலே ஒரு முழம் நெய்துவிடலாம்.

சாயத்தில் தலையானது கொச்சினீல் பூச்சி. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளை மாவு பூசினாற்போல ஒட்டியிருக்கும். காயவைத்து அரைத்துப் படிகாரத்தோடு கொதிக்கவைத்தால் கருஞ்சிவப்பு. எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சுச் சிவப்பு, காரம் சேர்த்தால் ஊதா. இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டம் போட்டு, ஸ்பானியரின் சிவப்பை இங்கேயே எடுத்துவிடலாம் என்று முயன்றார். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது தரங்குறைந்த காட்டு வகைப் பூச்சி. சாயம் தேறவில்லை, அது கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பின்னாளில் தென்னிந்தியாவில் கள்ளிப்புதரை ஒழிக்க அதே பூச்சியைப் பரப்பினார்கள்.

பின்னல் ஸ்பானியரோடு வந்த கலை. டிட்டிகாக்கா ஏரியில் உள்ள தக்கீலே தீவில் ஆண்கள்தான் பின்னுகிறார்கள், பெண்கள் நெய்கிறார்கள். பையன்கள் ஏழெட்டு வயதில் தொடங்கிவிடுவார்கள். சூல்யோ என்ற காதுத்தொப்பியைப் பல மெல்லிய ஊசிகளில் வட்டமாகப் பின்னுவார்கள். ஆண்டிஸில் சைக்கிள் சக்கரக் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கிக்கொள்வது வழக்கம். மேல்பாதி வெள்ளையாக இருந்தால் கல்யாணமாகாதவன், முழுச் சிவப்பென்றால் கல்யாணமானவன். பெண் கேட்டுப் போனால் வருங்கால மாமனார் அந்தத் தொப்பியில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார் என்றும் சொல்வார்கள். 2005இல் யுனெஸ்கோ இந்தத் தீவின் துணிக்கலையை மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. அங்கே மதிப்பெண் பின்னலின் நெருக்கத்துக்கு. மெல்லிய நூல் இல்லாமல் நெருக்கம் வராது என்பதால், மெல்லிய நூலுக்கும் மதிப்பு தானே வந்துவிடுகிறது.

கூலியை மாற்றியவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வீட்டுக் கலையும் ஆட்டம் கண்டது. அக்ரிலிக் நூலும் ரசாயனச் சாயமும் மலிவாக வந்தன. நெய்யத் தெரிந்தவர்கள் மூப்படைந்தார்கள். குஸ்கோ அருகே சின்செரோ ஊரில் பிறந்த நெசவாளர் நில்தா கல்யான்யாவ்பா, 1996இல் குஸ்கோ மரபு நெசவு மையத்தை நிறுவினார். சுற்றியுள்ள மலையூர்களின் நெசவாளர் குழுக்கள் அதில் சேர்ந்தன. ஒவ்வோர் ஊரும் தன் சொந்த வடிவங்களையே நெய்ய வேண்டும், கையால் நூற்ற நூலும் இயற்கைச் சாயமும் இருக்க வேண்டும், வேலையின் தரத்தைப் பார்த்தே விலை. பித்துமார்க்கா என்ற ஊரில் பாவையே துண்டு துண்டாக நிறம் மாற்றி நெய்யும் மிகப் பழைய முறை ஒன்று மறைய இருந்தது. பெரியவர்களிடமிருந்து இளையவர்கள் அதைக் கற்று மீட்டார்கள். விலை கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் இளையவர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரோம வியாபாரத்திலும் மாற்றம் தொடங்கியிருக்கிறது. சில ஊர்களில் மேய்ப்பர்கள் கூட்டாகச் சேகரிப்பு நிலையம் வைத்து, பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்களைக் கொண்டு அங்கேயே தரம் பிரித்து, தரத்துக்கேற்ற விலை கேட்கிறார்கள். பேபி தரத்துக்குத் தனி விலை கைக்கு வந்தால், அடுத்த ஆண்டு எந்தக் கிடாவை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற யோசனை தானாகப் பிறக்கும். ஆனால் காலம் அதிகமில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் பெரு தன் பனிமலைப் பரப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. வாய்க்காலில் வரும் நீர் குறைந்தால் சதுப்பு காயும். பிள்ளைகள் அரெக்கிப்பாவுக்கும் லிமாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஐ.நா. சபை 2024ஐ ஒட்டகக் குடும்ப ஆண்டாக அறிவித்தது இந்தக் கவலையையும் மனதில் வைத்துத்தான்.

உங்கள் ஊசிக்கும் தறிக்கும்

மாணவர்களுக்குக் கைவேலைக் குறிப்பு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அல்பாக்கா இழையில் சுருள் குறைவு, அதனால் மீள்திறனும் குறைவு. முழு அல்பாக்காவில் தளர்வாகப் பின்னிய ஸ்வெட்டர் தன் எடையாலேயே கீழே இறங்கும். ஒரு மாதத்தில் சட்டை அங்கியாகிவிடும். இறுக்கமாகப் பின்னுங்கள். இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் ஓர் அளவு சிறிய ஊசி போடுங்கள். மாதிரித் துண்டைத் துவைத்து, ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே கண்ணி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். மெரினோ கலந்த நூல் என்றால் இந்தத் தொல்லை பாதி குறையும். சால்வைக்கு முழு அல்பாக்கா போல வேறில்லை. அதன் தொய்வே அங்கே அழகு. பட்டுக்குப் போடும் அமிலச் சாயம் இதற்கும் பிடிக்கும். வெந்நீரும் தேய்ப்பும் ஆகாது. பிழியாமல் துணியில் சுருட்டி ஈரம் எடுத்துப் பாயில் பரப்பி உலர்த்துங்கள். பூச்சி அரிக்கும், கவனம்.

இப்படிப் பேசி முடித்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: நம் ஊரில் வளர்க்கலாமா? நம் சமவெளி வெயிலில் அந்தப் பிராணி தவிக்கும். தனியாக ஒன்றை வைத்தால் ஏங்கியே கெட்டுப்போகும். அது மந்தைப் பிராணி. முதலீடு என்று யாராவது ஆசை காட்டினால் அமெரிக்கக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெட்டை அல்பாக்கா பல ஆயிரம் டாலருக்கு விற்றது. ரோமத்தில் வரும் வருமானம் அந்த விலையை ஒருபோதும் தாங்காது, இது வெறும் ஊக வணிகம் என்று 2007இலேயே இரண்டு பொருளியலாளர்கள் எழுதினார்கள். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. இனப்பெருக்கத்துக்கே விலை, இழைக்கு விலை இல்லை என்ற சந்தை அது. அதுவும் நிற்கவில்லை.

நாம் செய்யக்கூடியது வாங்கும் இடத்தில் இருக்கிறது. அல்பாக்கா நூல் வாங்கினால் எத்தனை மைக்ரான் தரம், எவ்வளவு கலப்பு, எந்த ஊர் மந்தை என்று கேளுங்கள். சாயம் போடாத சாம்பலும் கருப்பும் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரு கருப்புப் பிராணியைக் கழிக்காமல் வைத்துக்கொள்ள மேய்ப்பருக்கு அது ஒரு காரணமாகும். இந்தக் கேள்வியைப் பெருவோடு நிறுத்திவிடவும் வேண்டாம். முழக்கணக்கில் கூலி வாங்கும் நம் நெசவாளர் வீட்டில், அவசரமாக நெய்த முழத்துக்கும் அக்கறையாக நெய்த முழத்துக்கும் ஒரே கூலி என்றால் எந்த முழம் மிஞ்சும் என்பது இந்த அவைக்குத் தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன் 18 மைக்ரானை மந்தையில் நிறுத்திக் காட்டியவர்களிடம் நுண்ணோக்கியும் மரபணுக் கூடமும் இல்லை. விரல் இருந்தது, அந்த விரலின் தீர்ப்புக்கு விலை கொடுக்க ஆள் இருந்தது. விரல் இன்றும் இருக்கிறது. விலை கொடுப்பது வாங்குகிறவர் பொறுப்பு.